பொழுது சாய்வதற்குள் கூலி

ஏழைக்கு இரங்கு, அந்நியனை ஆதரி என்று பைபிள் சொல்வது சர்ச் வாசலை மிதிக்காதவருக்கும் தெரிந்த சங்கதி. எப்படி இரங்க வேண்டும் என்று அது போட்டுவைத்திருக்கும் கணக்குதான் பலருக்குத் தெரியாது. பழைய ஏற்பாட்டின் சட்டப் பகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். பிச்சை போடுவதைப் பற்றிய பேச்சு குறைவு. கூலியை எப்போது கொடுப்பது, கடனுக்கு எதை அடகு வாங்கலாம், எடைக்கல் சரியாக இருக்கிறதா, அறுவடையில் எவ்வளவு விட்டுவைப்பது, வழக்கென்று வந்தால் வெளியூர்க்காரனுக்கு என்ன நீதி, இப்படித்தான் பேச்சு போகிறது. தானம் செய்கிறவனைவிட, வேலை வாங்குகிறவனையும் கடன் கொடுக்கிறவனையும் நிலம் வைத்திருக்கிறவனையும்தான் அது அதிகம் பிடித்து நிறுத்துகிறது.

மும்பையின் தாராவியில் வைத்துப் படித்தால் இது சட்டென்று விளங்கும். தொண்ணூறடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் இன்றும் தோல்பை, பெல்ட், மணிபர்ஸ் செய்யும் கார்கானாக்கள் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. கீழே தையல் மெஷின்; ஏணி ஏறினால் பசை தடவி ஒட்டும் இடம். ரப்பர் சொல்யூஷன் வாடை துணியோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். வேலை செய்யும் பையன்களில் பலர் பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். ராத்திரியானால் சாமான்களை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார்கள். உருப்படிக் கணக்கில் கூலி. வாரம் ஒருமுறை கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் வரும், அதற்குக் கர்ச்சி என்று பெயர். மீதி முதலாளியின் நோட்டில் ஏறிக்கொண்டே போகும். பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "சேட், ஹிசாப் கர் தோ", கணக்கை முடித்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். நல்ல முதலாளி முழுசாக எண்ணி வைப்பார். மற்றவர், வந்து வாங்கிக்கோ என்று பாதியை நிறுத்திக்கொள்வார். பையன் திரும்பி வருவதற்கு அந்தப் பாதிதான் பிணை.

உபாகமம் 24ஆம் அதிகாரம் நேராக இந்த நோட்டில்தான் கை வைக்கிறது. கூலிக்காரன் உன் சனமானாலும் சரி, உன் ஊரில் வந்து தங்கிய அந்நியனானாலும் சரி, அன்றன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. அவன் அந்தக் காசை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் காட்டுகிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் இதே விதி உண்டு: கூலி ஒரு ராத்திரிகூட உன்னிடம் தங்கக்கூடாது. பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட யாக்கோபின் நிருபம் இன்னும் ஒருபடி மேலே போய், பிடித்துவைத்த கூலியே வாய் திறந்து கூச்சல் போடுவதாகச் சொல்கிறது. நம் நாட்டிலும் 1936இல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கென்று 1979இல் தனிச் சட்டம் வந்தது. சந்துக்குள் அவை எட்டிப்பார்த்தது அபூர்வம்.

கடன் விஷயத்தில் பைபிள் காட்டும் நுணுக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு பிடிக்காதே, அது அவன் பிழைப்பையே அடகு பிடிப்பதாகும் என்கிறது உபாகமம். இன்றைக்கு அந்த இடத்தில் தையல் மெஷினையும் ஏடிஎம் அட்டையையும் வைத்துக்கொள்ளலாம். போர்வையை அடகு வாங்கியிருந்தால் ராத்திரிக்குள் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான்? இதற்கு நடுவில் ஒரு சின்ன விதி வருகிறது: அடகுப் பொருளை எடுக்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே, வாசலில் நில், அவனே கொண்டுவந்து கொடுப்பான். வாங்கியவனுக்கும் மானம் உண்டு, அவன் வீட்டுப் பானை சட்டியைப் பார்க்கும் உரிமை உன் பணத்துக்குக் கிடையாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். தவணைப் பணத்துக்காக வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போகிறவர்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அறுவடைச் சட்டத்துக்கு வருவோம். வயலை ஓரம்வரை அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தை விட்டுவிடு. மறந்து விட்ட அரிக்கட்டுக்குத் திரும்பிப் போகாதே. அவையெல்லாம் ஏழைக்கும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியவை. எவ்வளவு ஓரம் என்று மோசேயின் சட்டமான தோராவில் அளவு இல்லை. பின்னால் வந்த யூத ரபிகள், அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் எழுதி வைத்தார்கள். வயல்காரன் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டு வந்தால் போதும். ஏழை தானே வந்து அறுத்துக்கொள்வான், யாருக்கும் கும்பிடு போட வேண்டாம். அந்த ஓரம் ஆரம்பத்திலிருந்தே வயல்காரனுடையது இல்லை என்ற நினைப்பு இதில் இருக்கிறது. பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான், ஆனால் பெரிய தூரம்.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவது ரூத்தின் கதை. பெத்லகேமில் பஞ்சம். நகோமி என்பவள் புருஷனோடும் இரண்டு மகன்களோடும் பிழைக்க வழி தேடி மோவாப் நாட்டுக்குப் போகிறாள். அங்கே மூன்று ஆண்களும் செத்துப்போகிறார்கள். ஊர் திரும்பும் மாமியாரோடு மோவாபிய மருமகள் ரூத்தும் வருகிறாள். இப்போது அவள் அந்நிய தேசத்தவள், விதவை, கையில் காசில்லாதவள், மூன்றும் ஒருசேர. வாற்கோதுமை அறுவடையில் போவாஸ் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். போவாஸ் செய்ததைக் கவனியுங்கள். முதலில் வேலைக்காரப் பையன்களைக் கூப்பிட்டு அவள்மேல் கை வைக்கக்கூடாது என்று கண்டிக்கிறார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த குடத்திலேயே குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு நேரத்தில் தன் ஆட்களோடு உட்காரவைத்துப் வறுத்த கோதுமை கொடுக்கிறார். பிறகு அவளுக்குத் தெரியாமல், கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் கதிரை உருவிப் போடும்படி ஆட்களிடம் சொல்கிறார். சாயங்காலம் அடித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் தேறுகிறது. வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, தண்ணீர், சாப்பாடு, மரியாதை. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு பெண் இன்று கேட்பதும் இதே நான்குதான். அந்த மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா. இயேசுவின் வம்ச வரலாற்றிலும் மத்தேயு அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார்.

இதெல்லாம் எதற்காக? பைபிள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய். அந்நியன் மனசு எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்நியனைப் பற்றிய எச்சரிக்கை 36 இடத்தில் வருவதாக யூதர்களின் தால்மூத் கணக்குச் சொல்கிறது. 46 என்பாரும் உண்டு என்று அதுவே சேர்த்துக்கொள்கிறது.

மும்பைத் தமிழருக்கு எகிப்து அவ்வளவு தூரத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, கழிமுகச் சேற்றின் ஓரத்தில் குடிசை போட்டவர்கள் தாராவித் தமிழரின் முன்னோர். கோலி இன மீனவர்களின் குப்பமாக இருந்த இடம் அது. பின்னால் குஜராத்திலிருந்து குயவர்கள், உத்தரப் பிரதேசத்திலிருந்து தையல், பூவேலைக்காரர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்துச் செம்பூரிலும் இதே கதைதான்; 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த சிந்திகளுக்கு அங்கே முகாம் போட்டார்கள்.

தமிழன் அந்நியன் என்று இந்த ஊர் வாய்விட்டுச் சொன்ன காலமும் உண்டு. 1966 ஜூனில் சிவசேனா கட்சி தொடங்கியது. அதற்கு முன்பே, அதன் நிறுவனர் பால் தாக்கரேயின் மார்மிக் வார இதழ், அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்துவந்தது. லுங்கிக்காரர்களை விரட்டு என்ற முழக்கம் தெருவுக்கு வந்தது, உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன. மதராசி என்றால் வசை. அந்த வருஷங்களில் கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்த தாத்தாக்களின் பேரன்கள்தான் இன்று கார்கானா முதலாளிகள், கோலியை வாடகைக்கு விடுகிறவர்கள். 2008இல் வடக்கத்தியர்மேல் அடி விழுந்தபோது, நல்லவேளை இந்தத் தடவை நாமில்லை என்று நம்மில் பலர் பெருமூச்சு விட்டோம். அவர்களை இளக்காரமாகப் பய்யா என்று நாமும் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டோம். லேவியராகமம் பயந்தது இந்த மறதியைத்தான்.

தாராவிக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு ஆள் பைபிளில் இருக்கிறார். பெரிய பிரசங்கங்களில் அவர் பெயர் அதிகம் வருவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சீமோன், தோல் பதனிடுகிறவர். யோப்பா பட்டணத்தில் கடற்கரை ஓரமாக அவர் வீடு. செத்த மிருகத்தின் தோலைத் தொடுகிற தொழில் என்பதால் யூத சமூகத்தில் அதற்கு மரியாதை கிடையாது. தோல் பதனிடும் இடம் ஊரைவிட்டு ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. புருஷன் இந்தத் தொழில் செய்தால் பெண்டாட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில்தான் பேதுரு பல நாள் விருந்தாளியாகத் தங்கினார். அந்த வீட்டு மொட்டை மாடியில் ஜெபம் பண்ணும்போதுதான் எந்த மனுஷனையும் தீட்டென்று சொல்லக்கூடாது என்ற தெளிவு அவருக்கு வந்தது. அன்றைக்கே ரோம நூற்றுவர் தலைவன் கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நிற்க, அவர்களையும் உள்ளே அழைத்துத் தங்கவைத்தார்கள். பேதுருவுக்குப் பாடம் நடந்த இடம் எருசலேம் ஆலயம் அல்ல, ஊர் ஒதுக்கிவைத்த ஒரு தோல் தொழிலாளியின் வீடு. அந்நியனை ஏற்றுக்கொள்ளும் விஷயத்தில் ஏழை பல நேரம் முந்திக்கொள்கிறான்.

நமக்குள்ளேயே இன்னொரு கோடு உண்டு. மத்திய ரயில்வே தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் மாட்டுங்கா. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்த தமிழர் கோயில், சபா, மெஸ் என்று அங்கே ஊன்றிக்கொண்டார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே வந்துவிட்டது. மறு பக்கம் தாராவி. இரண்டிலும் தமிழ்தான். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் இந்தப் பக்கத்து ஆளுக்கு நாற்காலி கிடைக்க எத்தனை தலைமுறை ஆனது என்று மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சபையாரைக் கண்டிப்பது இதற்காகத்தான்: பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை, அழுக்குத் துணிக்காரருக்குக் காலடி. இது சர்ச்சுகளையும் சேர்த்துத்தான் சுடும். சாதி பார்த்துப் பெஞ்சு பிரித்த சபைகளின் வரலாறு தமிழ்நாட்டில் நீளமானது.

எல்லாமே இப்படி அழகாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். அந்நியனிடம் வட்டி வாங்கிக்கொள் என்று அதே உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. மோவாபியனைச் சபையில் சேர்க்காதே என்பதும் அங்கேதான். அந்நிய சாதியாரை அடிமையாக வைத்துக்கொள்ள லேவியராகமம் அனுமதிக்கிறது. எஸ்றாவின் காலத்தில் அந்நிய மனைவிகளைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடுவதாக முடிவெடுத்தார்கள். ரூத்தின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு, பைபிளுக்குள்ளேயே ஒரு வழக்கு நடப்பது தெரியும். தீர்க்கதரிசிகள் அதில் எந்தக் கட்சி என்பதில் சந்தேகமில்லை. ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்றுவிட்டார்கள் என்று ஆமோஸ் கொதிக்கிறார். தோல் ஊரில் அந்த வரியைத் தாண்டிப் போவது கஷ்டம். சோதோமின் பாவம் எது என்று எசேக்கியேல் சொல்வதையும் கேளுங்கள்: வயிறு நிறைய அப்பம் இருந்தும் ஏழைக்குக் கை கொடுக்காதது. உபவாசம் இருப்பதைவிடப் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும், வீடில்லாதவனை வீட்டுக்குள் சேர்ப்பதும்தான் மேல் என்பது ஏசாயா 58ஆம் அதிகாரத்தின் சாரம்.

இயேசு அந்தக் கட்சியைத் தொடர்ந்தார். நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும், நான் அதன் கடைசிப் பகுதியை மட்டும் சொல்கிறேன். அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்தபின் சமாரியன் இரண்டு தெனாரி கொடுக்கிறான். ஒரு தெனாரி என்பது ஒருநாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கையும் திறந்து வைத்துவிட்டுப் போகிறான். இரக்கப்பட்டதோடு அவன் வேலை முடியவில்லை.

திராட்சைத் தோட்டக் கதை மும்பைக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். காலையில் இங்கே நாக்கா என்று சொல்லும் தெருச் சந்திப்புகளில் போய்ப் பாருங்கள். பெயின்ட் பிரஷ், கொல்லறு, சட்டி மண்வெட்டியோடு கூலியாட்கள் நிற்பார்கள். காண்ட்ராக்டர் வந்து தாட்டியான ஆளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். மத்தியானத்துக்குமேல் மிச்சம் நிற்பவர்கள் வயசானவர்கள், புதிதாக வந்தவர்கள், யாரையும் தெரியாதவர்கள். இயேசுவின் கதையில் முதலாளி சாயங்காலம் ஐந்து மணிக்கும் சந்தைக்கு வருகிறார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் என்ற பட்டத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. ஒருமணி நேரம் வேலை செய்த அவர்களுக்கும் முழுநாள் கூலி. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள், அது நியாயம்தான் என்று எனக்கும் தோன்றும். ஆனால் ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே அரிசிதான் வேகவேண்டும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் கேட்கப்படும் கேள்விகள் ஆறு: பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடுத்தத் துணி, நோயாளிக்குத் துணை, சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்த்தல். கடைசியில் வருவதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுவோம். இதற்கு மும்பையிலேயே ஒரு சாட்சி உண்டு. திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937இல் பிறந்த ஸ்டேன் சுவாமி இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் வேறு மொழி பேசும் ஆதிவாசிகள் நடுவே வாழ்ந்து, விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்காடியவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகாவ் வழக்கில் ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தின்கீழ் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் அவருக்குத் தலோஜா சிறையில் சாப்பாடு ஊட்டியதும் குளிக்க உதவியதும் சகக் கைதிகள். சாயங்காலச் சாப்பாட்டுக்கும் துணி துவைக்கவும் முழங்கால் பிடித்துவிடவும் துணையாக இருந்த இருவர் மிக ஏழைக் குடும்பத்தவர் என்று சிறையிலிருந்து எழுதினார். ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று பாந்திரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் இறந்தார். வழக்கின் சரி தவறு பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், முடியாத கிழவருக்கு முழங்கால் பிடித்துவிட்ட அந்த ஏழைக் கைதிகள் மத்தேயு 25ஐ வாசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அதைச் செய்தார்கள்.

இப்போது தாராவியில் பெரிய பேச்சு, மறுசீரமைப்பு. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பிறகு வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் வெளியே எங்காவது, அதுவும் விலைக்கோ வாடகைக்கோ. ஊர்க்காரன், வந்தேறி என்ற கோட்டை ஒரு தேதி போட்டு வரைந்திருக்கிறார்கள். ஊரானுக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்று லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தில் இருப்பது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கோலியின் சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தலாம். மேலே ஏணியேறிப் போய்க் குடியிருக்கும் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் நம் வீட்டுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் இயல்பானதுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்களிடமும், போகாதவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: வாடகைக்கு ரசீது கொடுங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், கணக்கெடுக்க ஆள் வந்தால் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு காகிதம் இல்லாததால்தான் நம் தாத்தாக்கள் பலமுறை குடிசையை இழந்தார்கள்.